உப்புக்குப் பழகிய பாதி

பேருந்திலிருந்து இறங்கியவள் பையைக் கொடுக்கவில்லை, டப்பாவைத்தான் நீட்டினாள்.

"ஆட்டாம புடிங்க" என்றாள்.

எட்டு மாதம் கழித்துப் பார்க்கிற பெண்டாட்டி என்னிடம் சொன்ன முதல் வார்த்தை அது. வந்ததும் வராததுமாக இப்படியா என்று கோபம் வந்தது. ஆனால் கையில் அந்த டப்பா இருக்கும்போது கோபப்பட முடியாது, ஆடிவிடும். சாப்பாடு கொண்டுபோகிற சாதாரண பிளாஸ்டிக் டப்பா. உள்ளே ஈரத் துணியை விரித்து, நடுவில் மூடிபோட்ட வட்டத் தட்டு ஒன்றை வைத்திருந்தாள். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். தோளில் கை போட்டு 'எப்படி இருக்கே' என்று கேட்டுவிட வேண்டும் என்று வீட்டிலிருந்து கிளம்பும்போதே நினைத்து வைத்திருந்தேன், அதற்குக் கை இல்லாமல் போயிற்று. அவளே பையைத் தோளில் மாட்டிக்கொண்டு விடுவிடென்று முன்னால் நடந்தாள். நான் முட்டை வியாபாரி மாதிரி பின்னாலேயே போனேன்.

கூடப் படித்த காலத்திலிருந்தே அவள் என்னை 'நீ' என்றுதான் சொல்வாள். இடையில் பல மாதம் பார்க்காமல் இருந்தால் மட்டும் இந்த 'ங்க' வந்து ஒட்டிக்கொள்ளும். சாயங்காலத்துக்குள் சரியாகிவிடும், தூசித் தும்மல் மாதிரி. அதுவரைக்கும் நான் என் ஊரிலேயே யார் வீட்டுக்கோ விருந்தாளியாக வந்தவன்போல் இருப்பேன். எதை எடுத்து எங்கே வைப்பது என்று தெரியாது.

டப்பாவில் இருந்தது சளிப்பூஞ்சை. பெயர் வைத்தவனைத்தான் சொல்ல வேண்டும். அது சளியும் இல்லை, பூஞ்சையும் இல்லை. "சளின்னு சொல்றீங்க, கொழந்தைங்களுக்கு ஒட்டிக்குமா சார்?" என்று வீட்டுச் சொந்தக்காரர் ஒருமுறை கேட்டுவிட்டு, அன்றிலிருந்து வாடகையைக் கதவுக்கு வெளியிலேயே நின்று வாங்கிக்கொள்கிறார். அடித்த முட்டைக் கரு கொட்டிப் பரவின மாதிரி மஞ்சளாக இருக்கும். கண் கிடையாது, மூளை கிடையாது, உடம்பு முழுக்க ஒரே செல். ஆனால் புதிர்ப்பாதை ஒன்றில் இந்த முனையிலும் அந்த முனையிலும் ஓட்ஸை வைத்துவிட்டால், முதலில் எல்லாச் சந்திலும் புகுந்து பார்க்கும். பிறகு முட்டுச்சந்துகளை ஒவ்வொன்றாகக் கைவிட்டுச் சுருங்கி, இருப்பதிலேயே குறுகின வழியில் மட்டும் ஒற்றைக் குழாயாக நிற்கும். மூளை இல்லாத ஒன்றுக்கு வழி எப்படித் தெரிகிறது என்பதுதான் எங்கள் இரண்டு பேருக்கும் சோறு போடுகிற கேள்வி. அதற்குப் பிடித்த சாப்பாடு ஓட்ஸ். வாராவாரம் நான் வாங்குவதைப் பார்த்துக் கடைக்காரர் அவராகவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். "சுகர் எப்படி சார் இருக்கு?" என்பார். "கட்டுக்குள்ள இருக்கு" என்பேன். என்னைப் பார்த்து எப்படி இருக்கு என்று கேட்கிற ஒரே ஆள் அவர்தான், உண்மையைச் சொல்லி அதையும் கெடுத்துக்கொள்வானேன்.

நாங்கள் இருவரும் ஒரே பேராசிரியரிடம் ஆய்வு செய்தவர்கள். கல்யாணம் ஆன மறுவருஷம் எனக்கு இந்த ஊரில் வேலை, அவளுக்கு இன்னொரு ஊரில். எட்டு மணி நேரப் பேருந்துப் பயண தூரம். 'ஒரு வருஷம்தானே, சமாளிக்கலாம்' என்று சொல்லிக்கொண்டோம், ஒன்பது வருஷமாகச் சமாளித்துக்கொண்டிருக்கிறோம். கிளம்புகிற அன்று அவள்தான் ஆய்வகத்தில் இருந்த சளிப்பூஞ்சையை, மஞ்சள் என்றுதான் அதைக் கூப்பிடுவோம், கத்தியால் நடுவில் வெட்டி, ஆளுக்கு ஒரு தட்டில் வைத்தாள். பிள்ளை குட்டி இல்லாத எங்களுக்குள் நடந்த பாகப்பிரிவினை அவ்வளவுதான்.

அதிலிருந்து தினமும் சாயங்காலம் போன். "உன்னோடது எப்படி இருக்கு?" "நல்லா இருக்கு. உன்னோடது?" "நல்லா இருக்கு." பிறகு என்னுடையது எந்தச் சந்தில் திரும்பியது, அவளுடையது எங்கே தயங்கியது என்று பேசுவோம். பேச்சு தீர்ந்ததும் "சரி, வைக்கட்டா?" இது ஊரில் இருக்கிற என் அக்காவுக்குத் தெரிந்து தலையில் அடித்துக்கொண்டாள். "ஏண்டா, புருஷன் பொண்டாட்டி பேசுற பேச்சாடா இது? சாப்பிட்டியா, தூங்குனியான்னு ஒரு வார்த்தை கேட்டுக்க மாட்டீங்களா?" நான் சிரித்து மழுப்பிவிட்டேன். அவளுக்கு என்ன தெரியும், நாங்கள் அதைத்தான் கேட்டுக்கொள்கிறோம் என்று அப்போது நினைத்தேன்.

இந்தத் தடவை அவள் வந்ததற்கு ஒரு சோதனைதான் காரணம், யோசனையும் அவளுடையதுதான். அவள் தன் மஞ்சளுக்கு உப்பைப் பழக்கியிருந்தாள். இதற்கு உப்பு ஆகாது. சாப்பாட்டுக்கும் இதற்கும் நடுவில் உப்புக் கலந்த பாலம் ஒன்றைப் போட்டால், முதல் நாள் நுனியைத் தொட்டுவிட்டுப் பின்வாங்கும். தினமும் அதையே போட்டுக்கொண்டிருந்தால், இது நம்மைக் கொல்லாது என்று எப்படியோ தெரிந்துகொண்டு ஒருநாள் சாதாரணமாகக் கடந்து போகும். அப்படிப் பழகினதும் பழகாததும் ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டால், பழகாததற்கும் அந்தத் தைரியம் வந்துவிடுகிறது. ஆனால் இவை யாரோடும் சேர்ந்துவிடாது. தன் இனம் என்று தெரிந்தால்தான் சேரும். வேறு என்றால் எட்டி நிற்கும். சில சமயம் தொட்டபிறகு ஒன்று மற்றொன்றைக் கொன்றும்விடும். ஒரே உடம்பாக இருந்து ஒன்பது வருஷம் இரண்டு ஊரில் வளர்ந்தவை, தன்னுடையது என்று இன்னும் கண்டுகொள்ளுமா? கண்டுகொண்டால் அவளுடையதன் உப்புப் பழக்கம் என்னுடையதற்கு வருமா? "ரெண்டையும் ஒரே தட்டுல வெச்சுப் பாத்துடலாமா?" என்று போனில் கேட்டாள். கேள்வியை அவள் எந்த அர்த்தத்தில் கேட்டாளோ, எனக்கு அது வேறு மாதிரி கேட்டது.

ஏனென்றால் அந்த வாரம்தான் துறைத்தலைவர் என்னை அறைக்குக் கூப்பிட்டிருந்தார். எங்கள் துறையில் ஒரு இடம் காலியாகிறது. "உங்க மிஸஸ் வர்றதா இருந்தா திங்கக்கிழமை சொல்லிடுங்க. இல்லேன்னா நான் விளம்பரம் குடுத்துடுவேன்" என்றார். ஆக, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் பேருந்து ஏறுவதற்குள் நான் வாயைத் திறந்தாக வேண்டும். முன்பு ஒருமுறை இதே மாதிரி இடம் ஒன்று வந்தபோது அவளைக் கேட்டேன். "நீ ஏன் அங்க வரக் கூடாது?" என்றாள். நான் பதில் சொல்லவில்லை. அவளும் அதற்குமேல் கேட்கவில்லை. அதற்குப் பிறகு யார் முதலில் கேட்பது என்று இரண்டு பேரும் வீம்பாக உட்கார்ந்துவிட்டோம், வருஷங்கள் ஓடிவிட்டன.

எனக்குத் தனியாக இருக்க முடியவில்லை. இதை இவ்வளவு சுலபமாக எழுதிவிட்டேன், வாயால் சொல்லத்தான் வரவில்லை. வீட்டில் இரண்டு நாற்காலி இருக்கிறது, ஒன்றில் துவைத்த துணி மலை மாதிரி கிடக்கும். மடித்து வைக்க நேரமில்லாமல் இல்லை. காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டு சாப்பிட முடியாது என்பதால் அப்படியே விட்டு வைத்திருக்கிறேன். அதனால் ஒரு முடிவுக்கு வந்தேன். தட்டில் இரண்டும் சேர்ந்தால் அவளிடம் கேட்பது. சேராவிட்டால் கேட்பதில்லை, விளம்பரம் வரட்டும். இவ்வளவு படித்துவிட்டுக் காசைச் சுண்டிப் போட்டுப் பார்க்கிறவன் புத்திதான். யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் ஊர் சிரிக்கும்.

பேருந்து நிலையத்திலிருந்து நேராக ஆய்வகத்துக்குத்தான் போனோம். சனிக்கிழமையாதலால் அங்கே உதவியாளர் அக்கா மட்டும் இருந்தார். துறையில் எல்லோருக்கும் அவர் அக்காதான், துறைத்தலைவருக்கும் சேர்த்து. "வாங்கம்மா, பாதியா இளைச்சுட்டீங்களே" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டார். டப்பாவைத் திறந்து தட்டை வெளியில் எடுத்ததும், "எனக்கு வீட்ல வேலை கெடக்கு சார்" என்று கிளம்பிவிட்டார். மற்ற நாளில் நகரச் சொன்னாலும் நகராத மனுஷி. அன்று எனக்கு அது ஒன்றும் உறைக்கவில்லை.

அவள் தன்னுடையதிலிருந்து ஒரு துண்டு வெட்டினாள், நான் என்னுடையதிலிருந்து ஒன்று. புதுத் தட்டில் ஒரு விரல் இடைவெளி விட்டு எதிரெதிரே வைத்தோம். அவள் துண்டு கொஞ்சம் வெளிறினாற்போல் இருந்தது. "பஸ்ல வெயில் பட்டுடுச்சு" என்றாள். தட்டை மூடி இருட்டு அலமாரியில் வைத்தேன். அலமாரிக் கதவைச் சாத்தின பிறகும் கைப்பிடியை விடாமல் கொஞ்ச நேரம் நின்றேன்போல இருக்கிறது. "என்ன, கைய எடு" என்று சிரித்தாள். 'ங்க' போய்விட்டிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் நாற்காலித் துணியை எல்லாம் மடித்தாள். நான் முட்டை பொரித்தேன். எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். கேட்க வேண்டியதை நான் உள்ளுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே இருந்ததால் அவள் இரண்டு தடவை உப்பு கேட்டது காதில் விழவில்லை. "உனக்கு எப்பவும் பாதி காது" என்று அவளே எழுந்து எடுத்துக்கொண்டாள். சாப்பிட்டதும் நாற்காலியிலேயே தூங்கிப்போனாள். வகிட்டின் இரண்டு பக்கமும் நரைத்திருந்தது. எட்டு மாதத்தில் நரைத்ததா, முன்பே இருந்து நான் கவனிக்கவில்லையா என்று யோசித்தேன், தெரியவில்லை. பெண்டாட்டிக்கு எப்போது நரைத்தது என்று தெரியாதவனுக்கு ஓட்ஸ் கடைக்காரர் எவ்வளவோ மேல் என்று என்மேலேயே எரிச்சலாக வந்தது.

மறுநாள் காலையில் போய் அலமாரியைத் திறந்தோம். நான் முதலில் அவள் முகத்தைத்தான் பார்த்தேன், தட்டைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. அவள் தட்டை எடுத்து நுண்ணோக்கியின் கீழ் வைத்து விளக்கைக் குறைத்தாள். "நீயே பாரு" என்று தள்ளி நின்றாள்.

சேர்ந்திருந்தது. எங்கே அவளுடையது முடிகிறது, எங்கே என்னுடையது தொடங்குகிறது என்று சொல்ல முடியவில்லை. இரண்டுக்கும் நடுவில் கனமான ஒரு நரம்பு ஓடியது, அதற்குள் மஞ்சள் சாறு ஆற்றுத் தண்ணீர் மாதிரி இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் ஓட்டம் மட்டுப்பட்டு, நின்று, அங்கிருந்து இங்கே திரும்பி ஓடிவந்தது. இதை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். இருந்தாலும் அன்றைக்கு எனக்குக் கண் கலங்கிவிட்டது. மேசையில் ஓங்கி ஒரு தட்டு தட்டினேன். "சேந்துடுச்சு! ஒன்பது வருஷம் ஆகியும் சேந்துடுச்சு பாரு!" என்று சின்னப் பையன் மாதிரி கத்தினேன். இப்போது கேட்டுவிடலாம், இப்போதே கேட்டுவிடலாம் என்று அவள் பக்கம் திரும்பினேன்.

அவள் முகம் செத்துப்போயிருந்தது.

"இத கட்டுரையா எழுத முடியாது" என்றாள்.

"ஏன்?"

"ஒன்பது வருஷம் பிரிஞ்சு இருந்ததுன்னு எழுத முடியாது." கையுறையைக் கழற்றி, விரல் விரலாக நீவி மேசையில் வைத்தாள். "என்னோடது ரெண்டாவது வருஷமே செத்துப்போச்சு."

எனக்குப் புரியவில்லை. "அப்ப இது?"

"உன்னோடதுதான். இங்க லேப் அக்காகிட்ட கேட்டேன். தாள்ல காயவெச்சு உறையில போட்டு அனுப்புனாங்க, தண்ணி தெளிச்சா மறுபடி முழிச்சுக்கும். அதுக்கப்புறம் கெழடு தட்டுறப்பல்லாம் அவங்கதான் அனுப்புவாங்க. இது போன மழைக்கு முன்னாடி வந்தது. இதுவும் உன்னோடதோட சேராதுன்னுதான் நெனச்சேன். கொஞ்சமாவது மாறியிருக்கும், தள்ளி நிக்கும், அப்ப சொல்ல வேண்டியிருக்காதுன்னு..." பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

அக்கா நேற்று அப்படி ஓடினது இப்போதுதான் உறைத்தது. என் வலது கையை என் இடது கை பிடித்துக் குலுக்கியிருக்கிறது, அதற்குத்தான் நான் மேசையைத் தட்டிக் குதித்திருக்கிறேன். கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. ஏமாந்துபோனவனுக்கு வருகிற கோபம், அதை வேறு எங்கேயும் கொட்ட முடியாது.

"ஏன் என்கிட்ட கேக்கல? எங்கிட்டதானே இருந்துச்சு? கேட்டிருந்தா அனுப்பியிருக்க மாட்டேனா? தினமும் நல்லா இருக்கு, நல்லா இருக்குன்னியே!"

"சொல்லத்தான் போன் பண்ணேன். செத்த அன்னிக்கே பண்ணேன்." அவள் குரலை உயர்த்தவில்லை. "நீ எடுத்தவுடனே, உன்னோடது புதுசா ஒரு வழி கண்டுபிடிச்சுடுச்சுன்னு ஆரம்பிச்சே. அரை மணி நேரம் பேசினே. அப்புறம் 'உன்னோடது எப்படி இருக்கு'ன்னு கேட்டே. நல்லா இருக்குன்னு சொல்லிட்டேன். அன்னிக்கு சொல்லாதத மறுநாள் எப்படிச் சொல்றதுன்னு தெரியல. அப்புறம் பழகிப்போச்சு."

அந்தப் போன் எனக்கு ஞாபகமே இல்லை. எந்த வழி, எந்தப் புதிர், எதுவும் நினைவில்லை. அவள் அங்கே செத்துப்போனதைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்த ஒரு அரை மணி நேரம் என் ஆயுசில் இருந்திருக்கிறது, எனக்கு அது மற்ற நாளோடு ஒரு நாள். அதற்குப் பிறகும் எத்தனையோ சாயங்காலம் நான் அவளிடம் அவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டுவிட்டதாக நினைத்துக்கொண்டு போனை வைத்திருக்கிறேன். ஊரில் இருக்கிற அக்கா சொன்னது சரிதான். நாங்கள் அதைக் கேட்டுக்கொள்ளவே இல்லை.

"அப்ப இங்க வந்தது எதுக்கு? எல்லாமே என்னோடதுதானே?" என்றேன். சின்னத்தனமான கேள்விதான், வாயில் வந்துவிட்டது.

அவள் முதல்முறையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "உன்னோடதுதான். உப்பு நான் பழக்குனது."

சன்னலுக்கு வெளியே யாரோ மிதிவண்டியைச் சுவரில் சாய்த்துவிட்டுப் போனார்கள், அது சரிந்து விழுந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்தோம். எடுத்து நிறுத்த யாரும் வரவில்லை. அவள் பை கதவோரம் தயாராக இருந்தது. பேருந்துக்கு இன்னும் நேரம் இருந்தது, ஆனால் நிறைய இல்லை. சகுனம் பார்த்தவனுக்குச் சகுனமும் இல்லாமல் போயிற்று. இனி என் வாயை நம்பித்தான் நான் இருக்க வேண்டும், அதைப்போல நம்பக்கூடாதது உலகத்தில் ஒன்றும் கிடையாது.

"இங்க ஒரு எடம் காலியாகுது" என்றேன்.

"தெரியும். அக்கா சொன்னாங்க."

"தெரிஞ்சுமா ஒண்ணும் பேசாம இருந்தே?"

"நீ கேப்பேன்னு பாத்தேன்."

"இப்ப கேட்டுட்டேன் இல்ல?"

"இல்ல. காலியாகுதுன்னு சொன்னே."

சொல்லிவிட்டு அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு, கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்து, நுண்ணோக்கியில் கண்ணை வைத்தாள். இனி என்னைப் பார்க்கப் போவதில்லை என்று தெரிந்தது. ஒருவேளை நான் சொல்வதற்குத் தோதாகத்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டாளோ என்னவோ. குமிழை மெல்லத் திருகித் திருகிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரிந்ததெல்லாம் அவள் வகிடும், அதன் இரண்டு பக்கத்து நரையும், பின்கழுத்தில் பேருந்துத் தூசியோடு ஒட்டியிருந்த இரண்டு முடியும்தான். அந்த ஊரில் அவள் அறையில் நாற்காலி எத்தனை என்று யோசித்தேன். ஒன்பது வருஷத்தில் நான் அங்கே போனது விரல் விட்டு எண்ணக்கூடிய தடவை. எப்போதும் கட்டிலில்தான் உட்கார்ந்திருக்கிறேன். நாற்காலி இருந்ததா என்றே ஞாபகம் வரவில்லை.

'நீ இங்க வந்துடு' என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். சத்தியமாக அதைத்தான் இரண்டு நாளாக ஒத்திகை பார்த்திருந்தேன்.

"நான் அங்க வரட்டுமா?" என்றேன்.

அவள் தலை நிமிரவில்லை. கண் அந்தக் குழாயிலேயே இருந்தது. குமிழைத் திருகிக்கொண்டிருந்த விரல் மட்டும் அப்படியே நின்றுவிட்டது.